வீட்டு வண்டியில் பெண் கேட்கப் போனோம்

காஜா பெராங்,
மலாக்கா.
9-2-1958

அன்பு மகன் தியாகுவுக்கு அம்மா எழுதுவது. சாமி புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் வெள்ளச்சியும் சுகம், சிப்பாய்க்கு மட்டும் நேற்றிலிருந்துதான் சுகம், அது ஏன் என்று கீழே எழுதுகிறேன். ஜெசல்டனில் உன் உடம்பும் உத்தியோகமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

வீட்டில் இருக்கிறீர்களா ரோட்டில் இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாய். ரோட்டில்தான். உன் அப்பா பென்ஷனில் வந்த கையோடு ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஆம்புலன்ஸ் இப்போது முழு வீடாகிவிட்டது, செமாபோக் ஆசாரி கட்டிலும் அலமாரியும் அடித்துக் கொடுத்தார், மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு மூலை, சாமி படத்துக்கு ஒரு மூலை, மீதி இடமெல்லாம் நாய்களுக்கு. சிப்பாய் ஏலத்தன்றே வண்டிக்குள் படுத்திருந்த நாய், இறக்கிவிட்டால் மறுபடி ஏறிப் படுத்தது, வண்டியோடு சேர்ந்து வந்துவிட்டது. வெள்ளச்சி போர்ட்டிக்சன் கடற்கரையில் என் கருவாட்டுக்காகப் பின்னால் வந்தவள். மாதத்தில் மூன்று வாரம் இந்த இரண்டோடும் ஊர் சுற்றுகிறோம், போன மாதம் குவாந்தான் வரை போனோம். முப்பது வருஷம் மற்றவன் சொன்ன இடத்துக்கு லாரி ஓட்டினேன், இனி நான் நினைத்த இடத்துக்குத்தான் என்கிறார் உன் அப்பா. நினைப்பதை வண்டி கிளம்பிய பிறகுதான் நினைக்கிறார், அதுதான் எனக்குத் தொல்லை. எதிர்வீட்டுப் பொன்னம்மா, ஏன்க்கா, நாட்டுக்குச் சுதந்திரம் கெடைச்ச மாதிரி ஒங்களுக்கு வீட்டுகிட்டேருந்து கெடைச்சிருச்சா என்று கேட்கிறாள். அவளுக்கு ஒரு தடவை ஏறிப் பார்க்க ஆசை, வாய்விட்டுக் கேட்கமாட்டாள்.

இப்போது உன் காரியத்துக்கு வருகிறேன். எங்கே பார்த்தாயோ, கட்டினால் லாபிஸ் பெண் சிவகாமசுந்தரியைக் கட்டுவேன், இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சையே எடுக்காதீர்கள் என்று எழுதிவிட்டுக் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டாய். அவள் அப்பா கலியாணசுந்தரம் அங்கே ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர், காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுப்பவர். மனுஷர் இதற்கு முன் வந்த இரண்டு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியவர், ஒன்று நேரம் கழித்து வந்ததற்காக, இன்னொன்று வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசியதற்காக. தை வெள்ளிக்கிழமை சீரோடு வாங்க, பொண்ணுக்குப் புடிச்சா அன்னைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம், தட்டுல கொற இருந்தா மறுபேச்சு கெடையாது என்று நமக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே நான் இரண்டு நாள் இடுப்பொடிய ஐம்பத்தொரு லட்டு பிடித்தேன். லட்டு, அதிரசம், கற்கண்டு, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் ஒன்பது தட்டில் அடுக்கி, மேலே சிவப்புக் காகிதம் சுற்றி, நாய்கள் எட்டாத உயரத்தில் வைத்தேன். முந்தாநாள் விடிந்ததும் தங்காக், சிகாமட் வழியாகப் புறப்பட்டோம்.

எங்கள் புத்தியை என்ன சொல்ல. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அந்தப் பக்கம் ஒரு பிடி அரிசியைக்கூட ரோட்டில் கொண்டுபோக விடமாட்டார்கள், இது எனக்கும் தெரியும் உன் அப்பாவுக்கும் தெரியும். மலாக்காவில் அந்தக் கெடுபிடி எடுத்து நாலு வருஷத்துக்கு மேலாகிறது, பழக்கம் விட்டுப்போய்விட்டது. அதைவிடப் பெரிய விஷயம், தட்டில் இருப்பது சாப்பாடு என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. சீர் சீர்தானே. லாபிஸ் நெருங்கும்போது ரோட்டுத் தடுப்பில் ஒரு மலாய் கார்ப்பரல் ஏறிப் பார்த்தார். அரிசி, பருப்பு, சார்டின் டின், நாய்க் கருவாடு, ஒன்பது தட்டு. மக்சிக், அதாவது பெரியம்மா, இது வண்டியா கடையா என்று கேட்டார். உன் அப்பா தன் மலாய் முழுவதையும் செலவழித்து, இது சாப்பாடு இல்லை, சம்பிரதாயம் என்று விளக்கினார். தின்ன முடியுமா முடியாதா என்றார் கார்ப்பரல். முடியும் என்றார் உன் அப்பா. அப்படியானால் சாப்பாடு, இங்கேயே தின்றுவிட்டுப் போங்கள் அல்லது விட்டுவிட்டுப் போங்கள் என்றார். வெற்றிலைத் தட்டைப் பார்த்ததும் மட்டும் அவர் முகம் மாறியது. அவர்கள் வழக்கத்திலும் பெண் கேட்க வெற்றிலைதான் முதலில் போகுமாம், முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று என்னையே கடிந்துகொண்டு, கலைந்திருந்த வெற்றிலையைத் தன் கையால் அடுக்கி அந்த ஒரு தட்டை மட்டும் விட்டுவிட்டார். லட்டைக் குப்பையில் கொட்ட மனம் வராமல் உன் அப்பா ரோட்டோரம் உட்கார்ந்து பதினொன்று தின்றார். நான் அழுதுகொண்டே மூன்று தின்றேன். போலீஸ்காரர்கள் மரியாதைக்கு ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். மற்ற தட்டுச் சாமானையும் அரிசி பருப்பையும் அங்கேயே விட்டுவிட்டோம். மீதி லட்டை நாய்கள் பார்த்துக்கொண்டன, வெள்ளச்சி அளவாக, சிப்பாய் அளவே இல்லாமல்.

கலியாணசுந்தரம் வாசலில், காலில் வெள்ளை கான்வாஸ் சப்பாத்தோடு நின்றார். ஒன்பது தட்டும் கொண்டுபோனேன், எட்டு வெறும் தட்டு. வழியில போலீஸ் எடுத்துட்டாங்க என்று உன் அப்பா சொன்னதற்கு, இந்த ரோட்டுல எட்டு வருஷமா கெடுபிடி இருக்கு, தெரியாமலா சீர் தூக்கிட்டு வந்தீங்க, செய்யாத சீருக்குப் போலீசு மேல பழியா என்று குரலை உயர்த்தாமல் கேட்டார். உன் கல்யாணம் அந்த வாசலோடு முடிந்தது என்றே நினைத்தேன், உனக்கு எப்படி எழுதுவேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அப்போது சிப்பாய் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்று, இரண்டு தடவை முதுகை வளைத்து, அந்த வெள்ளைச் சப்பாத்தின் மேலேயே வாந்தி எடுத்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் நகரவில்லை. ஆஸ்பத்திரிக்காரர் இல்லையா, குனிந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பூந்தி லட்டு, முந்திரி போட்டிருக்கு, திராட்சையும் இருக்கு, நல்ல நெய்யி என்றார். பிறகு என்னைப் பார்த்து, மன்னிச்சிக்குங்க, உள்ள வாங்க என்றார்.

உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. உன் சிவகாமசுந்தரிதான். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளித் தண்ணீரோடு வந்து வாசலைக் கழுவினாள், அப்பாவின் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள், சிப்பாயின் வாயைப் பிளந்து ஒரு மருந்தை ஊற்றினாள். நாய்க்குப் பார்த்த பிறகுதான் உன் போட்டோவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வண்டிக்குள்ள பாக்கலாமா அம்மா என்று என்னிடம் கேட்டாள். ஏறிக் கட்டிலைத் தொட்டாள், அலமாரியைத் திறந்து மூடினாள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அங்கே குடியிருப்பைச் சுற்றிக் கம்பிவேலி, சாயந்திரம் ஏழு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். பதினைந்து வயதிலிருந்து அவள் இருட்டிய பிறகு ஒரு ரோட்டையும் பார்த்ததில்லையாம். இரவில் கடற்கரையில் வண்டியை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். கொசு கடிக்கும் என்றேன், வேறு என்ன சொல்ல. பிறகு மறைத்ததாகப் பேர் வரக் கூடாதே என்று, என் பிள்ளைக்கு வண்டியில் ஏறினால் குமட்டும், மூவார் தாண்டமாட்டான் என்பதையும் சொல்லிவிட்டேன். அதுவரை அம்மா என்று கூப்பிட்டவள், அப்படின்னா அவர முன்னுக்கு உட்கார வச்சிடுவோம் அத்தை, நான் பின்னுக்குச் சிப்பாயோட இருந்துக்கிறேன் என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கீழே நின்ற அவள் அப்பாவும் அதைக் கேட்டார், வெறுங்காலோடு போய் வெற்றிலைத் தட்டை எடுத்துவந்தார்.

ஆவணியில் முகூர்த்தம், இப்போதே லீவு கேட்டு எழுது. நீயே உன் கையால் அவளுக்கு ஒரு கடிதம் போடு, எழுத்து அழகாக இருக்கட்டும், டிரெஸர்தான் முதலில் படிப்பார். நீங்கள் இருவரும் நூறு வயசு ஒற்றுமையாக இருக்க உன் அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாக்கியலட்சுமி