லவீனாவின் தோள் உயரம்

சேசு, மரி, சூசை துணை.

குவைத், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லவீனாவின் அப்பாவுக்கு,

எங்கள் ஊர்க் கோயில் யாகப்பர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறையவேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன்.

பிள்ளை கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்று எடுத்த படத்தில் என்னையும் சேர்த்து ஒட்ட, என் படம் கேட்டீர்கள். “அக்கா இயல்பா நிக்கோணும், கை பிள்ளையின்ரை தோளிலை கிடக்கிற மாதிரி” என்று ஸ்ரூடியோக்காரர் சொன்னாராம். இங்கே பிள்ளைக்கு எங்கே போவது? நான் இங்கே வர வெளிக்கிட்ட அன்று அவளைத் தோள்வரை அளந்து கொப்பியில் குறித்திருந்தேன். அந்த அளவுக்குத் தலையணைகளை அடுக்கி, மேலே கையை வைத்துச் சிரித்தேன். இந்த வீட்டில் கூட வேலைசெய்யும் றஜனிதான் படம் எடுத்தாள். “தலையணைக்கோ அக்கா முதல்நன்மை?” என்று பகிடி வேறு.

நேற்று நீங்கள் போனில் அனுப்பிய, ஒட்டி முடித்த படத்தில் என் கை அவளின் முழங்கையில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் போனில் முகத்தை மட்டும்தானே பார்க்கிறேன். தவறிய பூசைகளைக்கூட எண்ணி எழுதுகிற எனக்கு, நாலு வருடத்தில் பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று தோன்றவில்லை. நேற்றுச் செபமாலை பாதியில் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு வருடத்துக்கு மேடம் என்னை விடமாட்டார்.

றஜனி லீவில் ஊருக்கு வருகிறாள். அவள் திரும்பும்போது லவீனாவின் தோள்வரை அளந்து ஒரு நூல் வெட்டிக் கொடுத்துவிடுங்கள். வலை நூலாக இருக்கட்டும், அது இழுபடாது. மிளகாய்த்தூள் இந்த முறை வேண்டாம்.

பிள்ளையைக் குனியவைத்துத் திரும்ப எடுக்கலாம் என்றாராம் ஸ்ரூடியோக்காரர். குனியவைக்காதேங்கோ. அவள் நிமிர்ந்தே நிற்கட்டும். நான் கையை உயர்த்துகிறேன்.

மேடம் கூப்பிடுகிறார்.

ஜெசிந்தா