பூங்கா மதிலில் பதினொரு பிள்ளைகள்

குருக்கள்மடம்
12.07.2010

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சுகம். நீங்களும் அந்த வெயிலில் வாடாமல் இருக்கவேண்டும். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

கடற்கரைக் காணியில் பிரதேச சபை சிறுவர் பூங்கா கட்டுகிறது. சறுக்கிக்கு என்ன நிறம் என்று மூன்று கூட்டம் வைத்தார்கள். அதோடு நின்றிருக்கலாம். சுனாமியில் போன ஊர்ப் பிள்ளைகள் பதினொரு பேரையும் மதிலில் வரைவதாக இப்போது தீர்மானம். படமும், தாய் தகப்பனில் ஒருவரின் கையெழுத்தும் வேண்டுமாம். பத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள். நான் மாட்டேன் என்றேன்.

நம் மகள் பிரஷாந்தியின் உடம்பை யாராவது கண்டார்களா? எங்கோ ஒரு வீட்டில் வளர்கிறாளோ என்னவோ. அவளைச் செத்தவர்களோடு சேர்ப்பதா? நீங்களும் என் பக்கம் நில்லுங்கள்.

அன்புடன்,
பூரணி

தோஹா
02.08.2010

அன்புள்ள பூரணிக்கு,

கோபப்படாமல் வாசி. நான் கையெழுத்து வைத்து, படத்தையும் சபைக்கு அனுப்பிவிட்டேன்.

சுனாமிக்கு முன் நீ அனுப்பிய படம். நம் பிள்ளையும் உன் அக்கா மகள் ஆர்த்திகாவும் நிற்கும் படம். பர்சில் வைக்க நம் பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்தேன். சுனாமிக்குப் பிறகு லீவில் வந்தபோது காட்டினால் நீ அழுவாய் என்று காட்டவில்லை.

ஆறு வருடம் அநாதை இல்லம் ஒன்று விடாமல் ஏறி இறங்கினாய். போதும். நமக்கும் போய் நின்று அழ ஓர் இடம் வேண்டாமா?

உன்,
விநாயகமூர்த்தி

குருக்கள்மடம்
19.09.2010

மச்சான்,

நான் மதில் பக்கமே போகவில்லை. நேற்று கண்ணகை அக்கா தலைவிரி கோலமாக வந்தாள். “என்ட புள்ளய உசிரோட செவர்ல சாகடிச்சுப் போட்டீங்களேடி” என்று வாசலில் நின்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பிரஷாந்தி என்று பெயர் எழுதி, மேலே ஆர்த்திகாவை வரைந்திருக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய மஞ்சள் சட்டையை, படம் எடுத்த அன்றைக்கு ஆர்த்திகா கேட்டு அழுதாள். நம் பிள்ளைதான் கழற்றிக் கொடுத்தாள். நீங்கள் சட்டையைப் பார்த்து மகளைப் பிடித்திருக்கிறீர்கள். யார் எவள் என்று தகப்பனுக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெட்டிய படத்தின் மற்றப் பாதி எங்கே? வீட்டிலிருந்த படமெல்லாம் கடலோடு போயிற்று. அதை உடனே அனுப்புங்கள்.

பூரணி

தோஹா
04.10.2010

பூரணி,

அது இல்லை. வெட்டிய அன்றே குப்பையில் போட்டேன்.

நான் போகும்போது அவளுக்கு மூன்று வயது, அந்தப் படம் வரும்போது ஆறு. எட்டு வருடமாக யாரையோ பார்த்து, சாப்பிட்டாயா மகள் என்று கேட்டிருக்கிறேன். இப்போது கண்ணை மூடினாலும் ஆர்த்திகாதான் வருகிறாள். என்னைத் திட்டியாவது எழுது.

விநாயகமூர்த்தி

குருக்கள்மடம்
25.10.2010

மச்சானுக்கு,

திட்டத்தான் பேனையை எடுத்தேன். மூன்று கடிதம் கிழித்துவிட்டேன்.

ஆர்த்திகாவின் முகத்தை மறுநாளே அழித்துவிட்டார்கள். பதினோராவது இடத்தைச் சும்மா விடுவதா, ஒரு பூவைப் போடுவதா என்று சபையில் திரும்பவும் கூட்டம். பூவாம்! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று மதிலை மறுத்தவள் நான். ஆனால் அவள் நாளைக்கே வந்து நின்றாலும் தகப்பனுக்கு அடையாளம் தெரியாது. எனக்கும் ஒன்று நடந்துவிட்டால் அவள் முகம் யாரிடமும் இல்லை.

காத்தான்குடியிலிருந்து வரும் ஓவியர் றுஸ்தியிடம் போனேன். நான் சொல்லச் சொல்ல நாலு நாள் கடதாசியில் வரைந்தார். “இன்னும் கொஞ்சம் நெத்திய ஏத்தவா உம்மா?” என்று கேட்டுக் கேட்டு அழித்தார். நாலாம் நாள் பின்னேரம் அவள் என்னைப் பார்த்தாள். அங்கேயே இருந்து அழுதேன். பிறகு சபைக்குப் போய் என் கையெழுத்தையும் வைத்தேன்.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை, தீருமோ தெரியாது. மதிலில் அவளை வரைந்தாயிற்று; அந்தக் கடதாசியை இதோடு வைக்கிறேன். வடிவாகப் பாருங்கள். இதுதான் உங்கள் மகள்.

பூரணி