ஏழுக்குக் குறுக்குக் கோடு

செப். 4, வியாழன்
புழுக்கம். மலை உச்சியில் மேகம், இங்கே ஒரு சொட்டு இல்லை. நூலகப் புத்தகம் திருப்ப வேண்டும்.

பாத்திரக் கடையில் இன்று அப்பாவுக்குப் பேர் வெட்டும் வேலை இல்லையாம். முதலாளி வேறு வேலை கொடுத்திருக்கிறார். சமையல் பாத்திரத்துக்கு இனி ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், இல்லாததை விற்கக் கூடாது. கடையில் உள்ள இட்லிப் பானை, டிபன் பாக்ஸ் எதிலும் இல்லை. ஞாயிறு பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குள் எல்லாவற்றிலும் முத்திரையை வெட்டிவிட வேண்டுமாம்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. "நீ வரைஞ்சு குடும்மா. கார்பன் வெச்சு மேலயே மெஷின ஓட்டிடறேன்."

பாடப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தேன். கீழே உரிம எண் இருக்க வேண்டுமாம். அரைகுறையாக விட மனம் வரவில்லை. எங்கள் குக்கரைக் கவிழ்த்து, அதன் அடியில் இருந்த எண்ணை எழுதினேன். அதில் மூன்று ஏழு. கணக்கு மிஸ் சொன்னபடி ஏழுக்குக் குறுக்குக் கோடு, யாரும் ஒன்று என்று படித்துவிடாமல்.

"கம்பெனில அடிச்ச மாதிரியே கீது." அப்பா இரண்டு முறை சொன்னார்.

செப். 6, சனி
நூலகத்தில் நாளிதழ். முத்திரையைக் கடைக்காரர் போட முடியாதாம். பாத்திரம் செய்யும் இடத்தில் சோதித்த பிறகுதான் உரிமம். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி எண். மீறினால் சிறைகூட.

கடைக்கு ஓடினேன். முதலாளியிடம் எல்லாம் சொன்னேன், அது எங்கள் குக்கர் எண் என்பதையும். சிரித்தார். "பொண்ணு ஜாஸ்தி படிக்குது" என்றார் அப்பாவிடம். அப்பா மெஷினை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி ஓட்டினார்.



செப். 9, செவ்வாய்
காலாண்டுத் தமிழ்ப் பரீட்சை முடிந்தது. ஒரு குறள் விட்டுப்போயிற்று.

திரும்பும்போது கடை வாசலில் ஜீப். அதிகாரிகள் இருவர். ஒருவர் கையில் இட்லிப் பானை.

"இது குக்கர் கம்பெனி நம்பர். பானைக்கு எப்படி வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார் முதலாளி. "இவன் வீட்டுக் குக்கரப் பாத்து வெட்டிக்கீறான்."

முதலாளி சொல்லித்தான் செய்தேன் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். வாய்ப்பேச்சுதானே, எதைக் காட்டுவார்?

யார் வரைந்தது என்று கேட்டார்கள்.

"நான்தான் சார்" என்றார் அப்பா.

வாசலில் நின்ற என் பக்கம் அப்பா திரும்பவே இல்லை.

அந்த அதிகாரி, பேரும் தேதியும் அப்பா வெட்டி வைத்திருந்த கல்யாணக் குடம் ஒன்றை எடுத்துத் தேதியைப் பார்த்தார். அதில் ஏழுக்குக் கோடு இல்லை. முத்திரையைப் பார்த்தார். "இந்த ஏழு உன் கையெழுத்து இல்ல. நாளைக்கு ஆபீசுக்கு வந்து எங்க எதிர்ல வரைஞ்சு காட்டு."

மாலை 6. அம்மா குக்கரைத் தொடவில்லை. சோறு குண்டானில்.

அப்பா என் ரஃப் நோட்டில் வரைந்து பழகுகிறார். கட்டம் வந்துவிட்டது. எழுத்தும் பரவாயில்லை. எண் மனப்பாடம். ஏழுக்குக் கோடு போட மட்டும் மறந்து மறந்து போகிறார். ஒவ்வொரு முறையும் நான்தான் விரலால் தொட்டுக் காட்டுகிறேன்.

நானே வந்து சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்பா நோட்டில் இன்னொரு பக்கம் திருப்பினார்.

நாளை கணக்குப் பரீட்சை.

"இனிமே நீ ஏழுக்குக் கோடு போடாத" என்றார், தலை நிமிராமல்.