அவன் அட்டையும் நம் அட்டையும்

என் வீட்டம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? அம்மா மாத்திரை போடுகிறாளா?

பயப்படாதே, சின்ன விஷயம்தான். நேற்றுத் தகடு வெட்டும்போது எனக்கும் கூட வேலை செய்யும் தடியனுக்கும் இடது கை கிழிந்துவிட்டது. இருவரிடமும் அரசு காப்பீட்டு அட்டை இருந்தது. அவன் இந்த மாநிலத்துக்காரன். ஆஸ்பத்திரியில் அட்டையை நீட்டினான், உள்ளே போனான். என்னுடையதைப் பார்த்த கவுன்டர் பெண், "இது உங்க மாநிலத்துலதாங்க செல்லும். காசு கட்டிட்டு வாங்க" என்றாள்.

அதே அட்டையில்தானே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது? குடும்பத் தலைவனுக்கு ஒரு தையல்கூட இல்லையாம்! எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு நாலு தையல்தான், எனக்கு ஆறு.

மேஸ்திரி வந்து பணம் கட்டிவிட்டுப் போனார். நர்ஸ், "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் தடியனின் கையை அவன் பெண்டாட்டி ஊதிக்கொண்டிருந்தாள். நான் அட்டையிலிருந்த நம் குடும்பப் படத்தைக் காட்டினேன்.

ரத்தம் பட்டு அதில் உன் முகம் சரியாகத் தெரியவில்லை. வேறு படம் ஒன்று அனுப்பு. ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். அந்தத் தடியனுக்கு இன்று லீவு. பெண்டாட்டி போகவேண்டாம் என்றாளாம்.

உன்னவன்