ஈரத்தரையில் விரித்த செய்தித்தாள்

9 அக்டோபர் 1984, செவ்வாய்

மழை. ஹாலிங்ஷாவில் காலையில் ஏழு வீடுகள். நகராட்சி வீட்டுக்கு மனுப் போட்டவர்கள் இப்போது எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து, அட்டையில் ஒரு சொல் எழுதுவது என் வேலை: நல்லது, நடுத்தரம், மோசம். பத்தொன்பது வருடமாக. 'நல்லது' என்று எழுதினால் அவர்களுக்குத் தோட்டமுள்ள வீடு கிடைக்கும். 'நடுத்தரம்' என்றால் பிரையரி அடுக்குமாடி.

மதியம் அலுவலகத்துக்குப் புதிய ஆள் வந்தார். கிளென்ராய் பாசெட், பார்படாஸ் தீவிலிருந்து வந்த கறுப்பர். வீடு ஒதுக்குவதில் நிறம் பார்க்கிறோமா என்று ஆராய நகராட்சி நியமித்த அதிகாரி. பழைய அட்டைகள் முழுவதையும் கேட்டார். மேலாளர் ஸ்டாட் சிரித்தார்.

"எடுத்துக்கோங்க தம்பி. தூசியைத் தவிர ஒண்ணும் கிடைக்காது."

"தூசி பழக்கம்தான் சார். நான் குடியிருக்கிறதே பிரையரியில."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டாட்டின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

12 அக்டோபர், வெள்ளி

சமையலறைத் தரையைக் கழுவிச் செய்தித்தாள் விரித்தேன். இந்த ஊரில் வெள்ளிக்கிழமை எல்லா வீட்டிலும் இப்படித்தான். தரை காயும்வரை தாளின் மேல்தான் நடக்க வேண்டும். அம்மா இருந்தவரை, தாளை விட்டு இறங்கினால் திட்டு விழும்.

18 அக்டோபர், வியாழன்

பாசெட் என் மேசையில் ஓர் அட்டையை வைத்தார். வெர்லீன் பின்னாக், மார்ச் 1979. என் கையெழுத்து. 'நடுத்தரம். தரையில் செய்தித்தாள்.'

"இந்த வீடு ஞாபகம் இருக்கா மேடம்?"

இல்லை என்றேன்.

பொய். வாசலிலேயே பிளீச்சிங் வாடை. "இப்பத்தான் துடைச்சேன், பார்த்து வாங்க" என்றார் அந்த அம்மாள். நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அதே வாரம் கிராஸ்லி தெருவில் மிசஸ் ஹேலி வீட்டிலும் இதே தாள், இதே ஈரம். அங்கே உட்கார்ந்து இரண்டு கோப்பை தேநீர் குடித்தேன். 'நல்லது' என்று எழுதினேன். ஹேலி என்னைப் போல வெள்ளைக்காரி, வெர்லீன் கறுப்பர்.

பின்னாக் குடும்பத்துக்குப் பிரையரியில் ஒன்பதாவது மாடி கிடைத்தது. கணவர் எவர்டன் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு கால் விளங்கவில்லை. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. பதினொரு மாதமாகக் கீழே இறங்கவில்லை. அவர்கள் மாற்றிக் கேட்கும் தரைத்தள வீடு ஒன்று பீச் லேனில் காலியாக இருக்கிறது. 29ஆம் தேதி வீடு ஒதுக்கும் குழு கூடி முடிவு செய்கிறது. 'நடுத்தரம்' என்ற அட்டை இருக்கும்வரை அவர்கள் பெயர் பட்டியலுக்கே போகாது.

"தப்பா எழுதிட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்தாப் போதும் மேடம்," என்றார் பாசெட்.

22 அக்டோபர், திங்கள்

ஸ்டாட் கூப்பிட்டார். "ஏம்மா யூனிஸ், ஒரு அட்டை தப்புன்னு எழுதினா மிச்ச அட்டைக்கெல்லாம் யாரு பதில் சொல்றது? ஓய்வுக்கு இன்னும் ஆறே வருஷம். வாயை மூடிக்கிட்டு இரு."

மூடிக்கொண்டு வந்தேன்.

25 அக்டோபர், வியாழன்

எழுதினேன். கிழித்தேன்.

29 அக்டோபர், திங்கள்

பீச் லேன் வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. பாசெட் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

30 அக்டோபர், செவ்வாய்

பிரையரிக்குப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கதவைத் திறந்ததுமே வெர்லீனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அட, அந்த மேடம்! அன்னைக்கு உட்கார மாட்டேன்னீங்க. இன்னைக்கு மூச்சு வாங்குறதைப் பார்த்தா உட்காருவீங்க போலிருக்கே."

உள்ளேயிருந்து கணவரின் குரல்: "யாரு வெர்லீன், லிஃப்ட் ரிப்பேர்காரனா?"

"நம்மள இங்க ஏத்திவிட்ட அம்மா வந்திருக்காங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். மிசஸ் ஹேலியைப் பற்றியும்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே," என்றார் வெர்லீன்.

சொல்லியிருக்கலாம். முழுசாப் பத்து நாள் இருந்துச்சே. ஏன் சொல்லல? பயம். அவ்வளவுதானா? — இல்ல. அந்த வீட்டுல அன்னைக்கு உட்காரக்கூட மனசு வரலியே, அது எந்தப் பயம்?

31 அக்டோபர், புதன்

பாசெட்டிடம் நான்கு பக்கம் கொடுத்தேன். பின்னாக் மட்டுமில்லை, நினைவிலிருந்த முப்பத்தொரு வீடுகள். ஸ்டாட் இனி என்னோடு பேசமாட்டார்.

14 ஜனவரி 1985, திங்கள்

புது அட்டை அச்சாகி வந்தது. நல்லது, நடுத்தரம், மோசம் — அந்தக் கட்டமே அதில் இல்லை. எனக்கு வீடு பார்க்கும் வேலையும் இல்லை. என்னைக் கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

22 பிப்ரவரி, வெள்ளி

பின்னாக் குடும்பத்துக்கு ஆல்டர் குளோஸ் தெருவில் தரைத்தள வீடு கிடைத்திருக்கிறது. அலுவலகம் முடிந்ததும் போனேன்.

எவர்டன் வாசல் நடையில் கழுத்துக்குட்டை சுற்றி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க மேடம். இங்க ஒரே ஒரு படி. அதையும் எண்ணிட்டேன்."

கதவு திறந்திருந்தது. உள்ளே கழுவிய தரை, வாசல்வரை செய்தித்தாள். காலெடுத்து வைக்கப் போனேன்.

"ஈரமா இருக்கு மேடம்," என்றார் வெர்லீன். "காயட்டும், அங்கயே நில்லுங்க."

நின்றேன். குளிர் காற்று. உள்ளே கெட்டில் கூவியது. சற்று நேரத்தில் வெர்லீன் தாளின் மேலேயே நடந்து இரண்டு கோப்பைகளோடு வந்தார். ஒன்றைக் கணவரிடம் கொடுத்தார். மற்றதை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் காயலை," என்றார்.