ஒன்று என்றால் முதல் ரகம்

வியாழக்கிழமை, ஆம்பூர்

சலீம் சார் நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று இன்று எங்கள் கல்லூரித் துறைக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. போன வாரம் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள் நான். எழுதிய குறிப்பும் கையில் இருந்தது.

மேசைமேல் மாணவர்கள் ஆசிரியர்களுக்குப் போட்ட மதிப்பெண்கள் இருந்தன. ஒன்று முதல் ஐந்து வரை. சாருக்கு ஏறக்குறைய எல்லாரும் ஒன்று. அவருடைய ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது.

"இன்னா சார், இவ்ளோ கம்மியா போட்டிருக்காங்க? இத வச்சிகிட்டு நான் எப்படி உங்களுக்கு எக்ஸ்டென்ஷன் கேக்கறது?" என்றார் துறைத்தலைவர் மேடம்.

"பசங்களுக்கு என்னைப் புடிக்கல போல மேடம்" என்று சார் சிரித்தார். அத்தனை எண்களுக்கு முன்னால் என் குறிப்பு சின்னதாகத் தெரிந்தது. தண்ணீர் குடித்தேன்.

மதியம் அவர் மாணவி ரிஸ்வானாவிடம் ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். காலையில் தோல் கம்பெனியில் ரகம் பிரித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவள். அந்த வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் அப்படித்தான்.

"ஒன்னுன்னா ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்தானே மேடம்? அஞ்சு போட்டா நம்ம சாரக் கழிச்ச தோலோட சேத்த மாதிரி ஆயிடும்!"

ஐந்துதான் உயர்ந்தது என்று படிவத்தில் எங்கும் இல்லை. படிவத்தைத் தயாரித்தது நான்.

உடனே மேடத்திடம் போய்ச் சொன்னேன். குறிப்பையும் கொடுத்தேன். முழுக்கப் படித்தார்.

"காலையிலயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே சலீம் சார் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.