திறந்து பார்க்காத படங்கள்

ஜூன் 12, வெள்ளி

ஃபரீதா ராத்தாவின் போன் பழையது. கம்பனி கைவிட்டுவிட்டது, வாட்ஸ்அப்பும் ஓடவில்லை. யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருக்கும் இயங்குதளத்தைப் போட்டால் ஓடும் என்று நான்தான் ஆசை காட்டினேன். அதைப் போடும்போது போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். அதனால் முதலில் படங்களை என் லெப்டொப்பில் பிரதி எடுத்து வைப்பேன்.

கல்முனையில் போன் திருத்த இத்தனை கடை இருக்க, பெண்கள் என் வீடு தேடி வருவதே, கடைப் பையன்கள் கண்ணில் அந்தப் படங்கள் படக்கூடாது என்பதற்காகத்தான்.

"முக்காடு இல்லாத படமெல்லாம் கிடக்கு. நீங்களும் திறந்து பார்க்கப்படாது தங்கச்சி," என்றார் ராத்தா.

பார்க்கவில்லை. பிரதி முடிந்தது என்று திரை சொன்னதை நம்பி, போனை அழித்தேன். இன்று போன் புதிதுபோல ஓடுகிறது. லெப்டொப்பில் எல்லாப் படமும் பெயரோடு இருக்கிறது. திரும்பப் போனில் ஏற்றினால் ஒன்றுகூடத் திறபடவில்லை; பிரதி முழுக்கப் பழுது. ராத்தாவின் மகளின் கலியாணப் படங்கள் வேறெங்கும் இல்லை. போனை அழிக்க முன்னம் ஒன்றே ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். என் நல்லபிள்ளைத்தனம் நாசமாய்ப் போக!

இணையத்தில் அந்த இயங்குதளக்காரர்களிடம் கேட்டேன். இனி மீட்க முடியாதாம்.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு ராத்தா கோல் எடுத்தார்.

"போன் சரியா?"

"ஓம் ராத்தா."

"படம் ஒண்டும் பார்க்கல்லதானே?"

"ஒண்டும் பார்க்கல்ல ராத்தா."

"அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும்."

நாளைக் காலையில் வருகிறார். மகளையும் கூட்டிக்கொண்டு.